கைவழியும் கடிதமும்: மலாக்காக் கடிதத் தொகுப்புகள் வந்த பாதை

(மலாக்கா மாநிலத்து ஜாசினில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கப்பட்ட எழுத்து வடிவம்)



பழம்பொருள் ஆர்வலர் ஒருவர் சேர்த்துவைத்த கடிதங்கள் அவருடைய மறைவுக்குப் பின் எந்தெந்தக் கைகளுக்கு மாறின, யார் அவற்றைப் பிரித்தார், யார் கட்டினார், எது எரிந்தது, எது தப்பியது என்று தேடுவது நூலகப் பணியாளரின் கணக்கு வேலை என்றும், அக்கடிதங்களைப் படித்துப் பொருள் காண்பதே ஆய்வாளரின் வேலை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்வுரை அந்தப் பாகுபாட்டை மறுக்கிறது. ஒரு கடிதம் எழுதியவரிடமிருந்து இன்றைய வாசகரை வந்தடையும் வரை கடந்த கைகளின் வரிசை இங்குக் கைவழி வரலாறு எனப்படும். அந்த வரலாறு கடிதத்துக்கு வெளியே நிற்கும் துணைச்செய்தி ஆகாது. அது கடிதத்தின் பொருளிலேயே ஒரு பகுதி என்பதும், கைவழி அறியப்படாத கடிதத்தை முழுமையாகப் படிக்க இயலாது என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து. மலாக்காவில் எழுதப்பட்டும் பெறப்பட்டும் உலகெங்கும் சிதறிய கடிதங்களைக் கொண்டு அக்கருத்து பின்வரும் ஏழு கூறுகளில் விளக்கப்படுகிறது.

1. இடைச்சேர்க்கை நூல்

இங்கிலாந்தில் ஷிப்லேக் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769-இல் இங்கிலாந்தின் பெருமக்களைப் பற்றிய வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டு, அதில் ஒவ்வொருவருடைய அச்சுருவப் படங்கள் எவையெவை கிடைக்கின்றன என்ற பட்டியலையும் சேர்த்தார். அந்நூலை வாங்கிய செல்வர்கள் பட்டியலில் கண்ட படங்களைத் தேடிப்பிடித்து, நூலின் கட்டைப் பிரித்து, உரிய பக்கங்களுக்கிடையே படங்களைச் செருகி, மீண்டும் கட்டிக்கொண்டனர். இவ்வழக்கம் விரைவில் பிற நூல்களுக்கும் பரவியது. படங்களோடு வரைபடங்களும், நாடகச் சுவரொட்டிகளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழ்பெற்றோர் தம் கையால் எழுதிய கடிதங்களும் செருகப்பட்டன. இவ்வாறு அச்சுநூல் ஒன்றை முதுகெலும்பாகக் கொண்டு, அதன் உடைமையாளர் தாம் திரட்டியவற்றை இடையிடையே வைத்துப் பெருக்கிக் கட்டிய தொகுதியே இங்கு இடைச்சேர்க்கை நூல் என்று குறிக்கப்படுகிறது.

யார்மவுத் நகரத்து வங்கியாளரும் பழம்பொருள் ஆர்வலருமான டாசன் டர்னர் நார்ஃபோக் மாவட்ட வரலாற்று நூல் ஒன்றை இவ்வாறு பல தொகுதிகளாகப் பெருக்கினார். அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அவர் தனியே திரட்டியிருந்த கடிதங்களோ அவர் மறைந்ததற்கு மறு ஆண்டான 1859-இல் ஏலத்தில் பல கைகளுக்குப் பிரிந்தன. அவருடைய காலத்தவரான வில்லியம் அப்காட் ஜான் எவெலின் என்னும் 17ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பாளரின் குடும்ப இல்லத்துக்குச் சென்று பழங்காகிதங்களைக் கண்டார். அந்த நாட்குறிப்பு 1818-இல் அச்சேறுவதற்கு அவருடைய ஆர்வம் பெரிதும் காரணமாயிற்று. அதே குடும்பத்துக் கடிதங்கள் பல அவருடைய தொகுப்பிலும் இடம்பெற்றிருந்தன. காப்பாற்றியவரும் கலைத்தவரும் ஒரே மனிதராக இருக்கக்கூடும் என்பதற்கு அப்காட் தெளிவான சான்று.

2. விளிம்பு சொல்லும் செய்தி

பிறர் எழுதிய கடிதம் ஒன்று நூலுக்குள் செருகப்படும்போது அதன் அளவு நூலின் அளவோடு பொருந்துவதில்லை. ஆகவே கட்டுநர் பெரிய தாள் ஒன்றின் நடுவே சாளரம் போல வெட்டி, அச்சாளரத்தின் ஓரங்களில் கடிதத்தை ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன் மடிப்புகளை நீவி, மேலுறையை அகற்றி, கிழிந்த ஓரங்களைக் கத்தரித்துச் சீராக்குவார். எழுத்து அப்படியே இருப்பதால் எதுவும் இழக்கப்படவில்லை என்று தோன்றும். மலாய் அரசர்களின் கடிதங்களைப் பொறுத்தவரை அத்தோற்றம் முற்றிலும் பிழையானது.

மலாய் உலகில் ஓர் அரசர் மற்றோர் அரசருக்கோ ஆளுநருக்கோ ஜாவி எழுத்தில், அதாவது மலாய் மொழிக்கெனத் தழுவப்பட்ட அரபு எழுத்தில், கடிதம் எழுதும்போது தாள் முழுவதையும் எழுத்தால் நிரப்புவதில்லை. உச்சியில் அரபுச் சொற்றொடர் ஒன்று தலைப்பாக நிற்கும். வாசகம் தாளின் கீழ்ப்பகுதியில் இடப்பக்கமாக ஒதுங்கியிருக்க, மேலும் வலப்பக்கமும் அகன்ற வெற்றிடம் விடப்படும். விளக்குக்கரியால் பதிக்கப்பட்ட அரச முத்திரை அவ்வெற்றிடத்தில் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையிலான மதிப்பு வேறுபாட்டைக் காட்டும். கடிதத்தை மடித்த முறையும், உறைமேல் எழுதிய முகவரி வரியும், அதைப் பொதிந்த மஞ்சள் பட்டுத்துணியும் அதே மதிப்பின் பிற அடையாளங்கள். ஆகையால் ஓரத்தைக் கத்தரித்தவர் வெற்றுத்தாளையே கத்தரித்ததாக எண்ணியிருக்கலாம். உண்மையில் யார் யாருக்குப் பணிந்தார் என்று கூறும் பகுதியையே அவர் நீக்கியிருப்பார். 1994-இல் மலாய்க் கடித மரபைப் பற்றி ஆனபெல் தே கேலப் எழுதிய நூல் வாசகத்தோடு உறை, முத்திரை, அலங்காரம் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்த பிறகே இச்செய்தி பரவலாக உணரப்பட்டது.

3. மலாக்காவின் எழுத்தறை, 1810–1811

ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1810 டிசம்பரில் மலாய் நாடுகளுக்கான ஆளுநர் நாயகத்தின் முகவராக மலாக்கா வந்து சேர்ந்தார். ஜாவா மீது படையெடுப்பதற்கு முன் அண்டை அரசர்களின் நட்பைப் பெறுவது அவருடைய பணி. அதனால் அடுத்த சில மாதங்களில் மலாக்காவுக்கும் தீவுகளின் அரசவைகளுக்கும் இடையே கடிதங்கள் ஓயாமல் சென்றுவந்தன. அப்போது அவருக்கு வந்த மலாய்க் கடிதங்கள் பல இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அந்த எழுத்தறையில் தமிழ் மரபினரின் பங்கு பெரிது. ராஃபிள்ஸின் தலைமை எழுத்தர் இப்ராஹிம், பினாங்கைச் சேர்ந்த சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். அவருடைய சகோதரர் அகமது ரிஜாலுதீன் 1810-இல் வங்காளம் சென்று தாம் கண்டவற்றை மலாய் மொழியில் பயண நூலாக எழுதியவர். அதே எழுத்தறையில் படியெடுக்கும் சிறுவராக அமர்ந்திருந்த அப்துல்லா பின் அப்துல் காதிர் பின்னாளில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்றார். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம்புரிந்துகொண்ட அரபு முன்னோரின் வழித்தோன்றலான அவர் மலாக்காவில் பிறந்தவர். அக்காலத்து மலாக்கா வணிகத்தில் தமிழ் வழங்கியதால் தம் தந்தை தம்மைத் தமிழ் கற்கச் செய்ததை அவர் தம் தன்வரலாறான இகாயத் அப்துல்லாவில் பதிவுசெய்துள்ளார்.

அந்நூல் காட்டும் ராஃபிள்ஸ் ஆட்சி அலுவலர் மட்டுமல்லர். கைப்பிரதிகளையும் பழங்கடிதங்களையும் விலைக்கு வாங்கி, வாங்க முடியாதவற்றைப் படியெடுக்கச் செய்த பழம்பொருள் ஆர்வலரும் ஆவார். ஆகவே அவருடைய தொகுப்பில் இருவகைத் தாள்கள் கலந்திருந்தன: அலுவல் காரணமாக அவருக்கே வந்தவை ஒருவகை, பிறருக்கு எழுதப்பட்டுப் பின்னர் அவரால் திரட்டப்பட்டவை மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒரே பெட்டியில் இருந்தன என்பதாலேயே ஒரே தன்மையன என்று கொள்வது முதற்பிழை. முன்னது ஓர் அரசியல் உறவின் நேரடிச் சுவடு. பின்னது ஒருவருடைய விருப்பமும் பணமும் தேர்ந்தெடுத்த பொறுக்கல்.

4. தீ தேர்ந்தெடுத்த தொகுப்பு

1824 பிப்ரவரி 2 அன்று ராஃபிள்ஸ் தம் குடும்பத்தோடும் சேகரிப்போடும் பெங்கூலுவிலிருந்து ஃபேம் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அன்று மாலையே கப்பல் தீப்பற்றியது. பயணிகள் உயிர் தப்பினர். சுமத்திரா வரைபடமும், உயிரின ஓவியங்களும், வரலாறு எழுதுவதற்காகத் திரட்டிய ஆவணங்களும், மலாய்க் கைப்பிரதிகளும் அழிந்தன. அச்சேறாத, வேறு படி இல்லாத எழுத்துகள் ஒரே இரவில் போயினவே என்று அப்துல்லா தம் நூலில் வருந்துகிறார். அவ்வருத்தத்தில் ஓர் ஆய்வுண்மையும் உள்ளது. எழுத்துகள் உரிய ஊர்களிலேயே பல வீடுகளில் பரவிக் கிடந்திருந்தால் ஒரு தீ அவற்றை அழித்திருக்க முடியாது. ஒருவரிடம் குவிந்ததாலேயே அவை ஒருசேர அழிந்தன.

1816-இல் ராஃபிள்ஸ் முன்னதாக இங்கிலாந்துக்கு எடுத்துச்சென்றவையும், பிறரிடம் சேர்ந்துவிட்டவையும் தப்பின. எனவே இன்று எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் தொகுப்பு அவர் முக்கியமெனக் கருதியவற்றின் தொகுப்பு ஆகாது. எந்தத் தாள் எந்த ஆண்டில் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதே அதைத் தீர்மானித்தது. முந்திய காலத்துக் கடிதங்கள் நிறைய இருப்பதாலும் பிந்திய காலத்தவை குறைவாக இருப்பதாலும் அவருடைய மலாய்த் தொடர்புகள் பின்னாளில் சுருங்கின என்று ஒருவர் முடிவுகட்டினால், அவர் தீயின் வேலையை மனிதரின் மனமாற்றமாகப் படித்தவராவார். எஞ்சியதைக் கொண்டு இருந்ததை அளப்பதற்கு முன், எஞ்சியது ஏன் எஞ்சியது என்று கேட்டாக வேண்டும்.

5. மனைவியின் பதிப்பும் உறவினரின் சேகரிப்பும்

ராஃபிள்ஸ் 1826-இல் மறைந்தபின் அவருடைய மனைவி சோஃபியா 1830-இல் இரண்டு காரியங்களைச் செய்தார். மலாய்க் கைப்பிரதிகளை லண்டனில் உள்ள அரச ஆசியக் கழகத்துக்கு வழங்கினார்; கணவருடைய கடிதங்களைக் கொண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். முதற்செயலால் மலாக்கா அரச வரலாறான செஜாரா மெலாயுவின் புகழ்பெற்ற பிரதி, ராஃபிள்ஸ் 18 என்னும் எண்ணோடு அக்கழகத்தில் இன்றும் உள்ளது. அதன் முன்னுரை 1612-ஐச் சுட்டினாலும், கையில் இருக்கும் பிரதி 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட படி. வாசகத்தின் வயதும் தாளின் வயதும் இருநூறு ஆண்டுகள் வேறுபடுகின்றன. தாளை ஆராயாதவர் இந்த இடைவெளியைக் காண மாட்டார்.

இரண்டாம் செயல் வேறுவகையான கத்தரிப்பு. கணவருடைய புகழை நிலைநாட்டும் அன்பு நோக்கோடு தொகுக்கப்பட்ட அந்நூலில் அவருடைய முதல் மனைவி ஒலிவியாவுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. அன்பினால் செய்யப்பட்டதாயினும் தேர்வு தேர்வே; அச்சுநூலில் காணும் கடித வரிகளை ராஃபிள்ஸின் முழுச்சொல்லாகக் கொள்ளும் ஆய்வாளர் அறியாமலேயே சோஃபியாவின் கண்களால் பார்க்கிறார்.

இதே குடும்பத்தில் இடைச்சேர்க்கைக் காலத்தின் ஆர்வத்தை முழுமையாகக் காட்டும் ஒருவரும் இருந்தார். ராஃபிள்ஸின் தந்தைவழி உறவினரான பாதிரியார் தாமஸ் ராஃபிள்ஸ் லிவர்பூலில் அரை நூற்றாண்டு சமயப்பணி செய்தவர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர்பெற்ற கையெழுத்துச் சேகரிப்பாளர்களுள் ஒருவர். அவர் திரட்டியவற்றுள் பெரும்பகுதி இன்று மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. 1819-இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் தம் இளமையையும் உயர்வையும் தாமே விவரித்து எழுதிய நீண்ட கடிதம் இவருக்கு அனுப்பப்பட்டதே. சேகரிப்பாளரான உறவினருக்கு எழுதும் மனிதர் தம் கடிதம் பாதுகாக்கப்படும் என்பதை அறிந்தே எழுதுகிறார். அந்த அறிவு எழுத்தின் தொனியை மாற்றும். பெறுநர் யார், அவர் கடிதங்களை என்ன செய்பவர் என்ற கைவழிச் செய்தி இல்லாமல் அக்கடிதத்தின் தன்மதிப்புரையை எடைபோட இயலாது.

6. ஃபார்க்குவார் காகிதங்கள்: மறைந்தவரின் மறுவரவு

வில்லியம் ஃபார்க்குவார் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1803 முதல் 1818 வரை மலாக்காவையும், 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரையும் நிர்வகித்தவர். அவர் மலாக்காவில் வரையச்செய்த 477 இயற்கை வரலாற்று ஓவியங்களை 1827-இல் அரச ஆசியக் கழகத்துக்கு வழங்கினார். கழகம் அவற்றை 1993-இல் ஏலத்தில் விற்றது. சிங்கப்பூர்க் கொடையாளர் ஒருவர் வாங்கி 1995-இல் அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கு அளித்தார். ஒவ்வொரு கைமாற்றமும் ஆண்டோடு பதிவாகியிருப்பதால் அவ்வோவியங்களின் நம்பகம் கேள்விக்கு அப்பாற்பட்டது.

ஃபார்க்குவாருக்கு மலாய் அரசர்கள் எழுதிய கடிதங்களின் தொகுப்போ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. சிங்கப்பூரில் இருந்த அமெரிக்கச் சமயப்பரப்பாளர் ஆல்ஃபிரட் நார்த், தன்வரலாறு எழுதுமாறு அப்துல்லாவைத் தூண்டியவர். 1842-இல் சார்லஸ் வில்க்ஸ் தலைமையிலான அமெரிக்கக் கடலாய்வுக் குழு சிங்கப்பூரை அடைந்தபோது நார்த் வழியாக மலாய்க் கைப்பிரதிகள் அமெரிக்கா சென்றன. சிங்கப்பூரின் தோற்றம் ராஃபிள்ஸ் ஒருவரின் செயலாக நெடுங்காலம் எழுதப்பட்டதற்கு, அவருடைய காகிதங்கள் லண்டனில் ஒரு குடும்பத்தின் கவனிப்பில் இருந்து நூலாக வெளிவந்ததும், ஃபார்க்குவாரின் காகிதங்கள் கடல்கடந்து வேறொரு திசையில் போனதும் காரணங்களுள் அடங்கும். வரலாற்றில் ஒருவர் பெறும் உருவம் அவருடைய செயலால் மட்டும் அமைவதில்லை. அவருடைய காகிதங்கள் யார் கையில் தங்கின என்பதாலும் அமைகிறது.

7. தமிழகம் காட்டும் முன்மாதிரி

1811-இல் ஜாவாப் படையெடுப்பில் பங்கேற்ற காலின் மெக்கன்சி, சென்னை மாகாணத்தில் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய நில அளவையாளர். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, 1821-இல் மறைந்தார். அவருடைய தொகுப்பை அரசு அவருடைய மனைவியிடமிருந்து 1,00,000 ரூபாய்க்கு வாங்கியது. 1828-இல் வில்சன் என்னும் அறிஞர் அதற்கு அட்டவணை வெளியிட்டார். தொகுப்பு லண்டன், கல்கத்தா, சென்னை என மூன்றாகப் பிரிந்தது. ஆயினும் மெக்கன்சியின் உதவியாளர்களான காவலி வேங்கட பொரையாவும் லட்சுமையாவும் அவர்களுடைய குழுவினரும், எந்த ஊரில் யாரிடம் எதைப் பெற்றனர் என்பதை அறிக்கைகளாகவும் கடிதங்களாகவும் எழுதி அனுப்பினர். தொகுப்பு உடைந்தும் அதன் கைவழி முற்றிலும் உடையாமைக்கு அவ்வறிக்கைகளே காரணம். தொகுப்பின் பெயர் மெக்கன்சியுடையது. அதன் நம்பகத்தைக் காத்தவர்கள் அவ்வுதவியாளர்கள்.

இன்னும் சிறந்த முன்மாதிரி உ.வே. சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த நாள் முதல், தமக்குச் சுவடி தந்தவர்களின் பெயரையும் ஊரையும் முன்னுரைகளில் நன்றியோடு குறிப்பது அவருடைய வழக்கம். நன்றி சொல்லும் பண்பு அங்கே ஆய்வுநெறியாகவும் அமைந்தது. தமக்கு வந்த கடிதங்களையும் அவர் பேணிவைத்தார். 1943-இல் அவர் பெயரால் தோன்றிய நூலகத்தில் அவை காக்கப்பட்டு, ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் கடிதக் கருவூலமாக வெளிவந்துள்ளன. யாருடைய கையெழுத்து விலைபெறும் என்று பார்க்காமல், வந்த கடிதங்களை ஒருசேர வைத்திருந்ததால், சிற்றூர்ச் சுவடி உடைமையாளரின் குரலும் ஜமீன்தாரின் குரலும் அங்கு ஒன்றாகக் கேட்கின்றன.

அவையோரே, இவ்வேழு கூறுகளிலிருந்தும் பெறப்படும் முடிவு ஜாசின் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும் அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் ஆசாகானிலும் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிடத் தொடங்கியபின் இம்மண்ணில் தோட்ட வாழ்வு வேரூன்றியது. அவ்வாழ்வின் ஆவணங்கள் அரசவைக் கடிதங்களைப் போல மஞ்சள் பட்டில் வந்தவை அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்களுக்கு ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டை, மணியார்டர் ரசீது, தோட்ட எழுத்தரான கிராணியார் எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பட்டியல், கங்காணியின் கணக்கு நோட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி வருகைப் பதிவேடு ஆகியவையே அவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், லயங்கள் காலியானபோதும் அவை மூட்டையாகக் கட்டப்பட்டு நகரத்து வீடுகளுக்குப் போயின. இன்று பேரப்பிள்ளைகள் அவற்றை எடுத்து, அழகானதைப் பிரித்து, ஆல்பத்தில் ஒட்டி, ஆண்டுவிழா மலரில் அச்சிட்டு, எஞ்சியதை எறிகின்றனர். கிரேஞ்சரின் காலத்துச் செல்வர்கள் செய்தது இங்கே அன்பின் பெயரால் மீண்டும் நடக்கிறது.

இதைத் தடுக்கப் பெரும்பொருள் தேவையில்லை. கடிதத்தை உறையோடும், ஒரே கட்டில் கிடைத்தவற்றை அதே வரிசையிலும் வைத்திருத்தல் வேண்டும். அவற்றில் பசையோ ஒட்டுநாடாவோ படக்கூடாது. பிரிப்பதற்கு முன் இருந்தவாறே படமெடுத்தல் வேண்டும். யாருடைய பெட்டியில், எந்தத் தோட்டத்தில், யார் மூலம், எந்த நாளில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வைத்தல் வேண்டும். முன்னரே ஆல்பத்தில் ஒட்டப்பட்டுவிட்டவற்றைப் பிய்த்தெடுக்கவும் கூடாது. ஒட்டியவர் எதை எதன் அருகில் வைத்தார் என்பதும் ஒரு தலைமுறையின் நினைவு முறையைக் காட்டும் சான்றாகும், அதைக் கலைப்பவர் முதற்கத்தரிப்போடு இரண்டாம் கத்தரிப்பையும் சேர்ப்பவராவார். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் கோயில் நிர்வாகமும் இத்தகைய குறிப்புத்தாள்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கி, அதன் ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

மலாக்காவின் எழுத்தறையில் மலாய் அரசர்களின் கடிதங்களைப் படித்தும் படியெடுத்தும் கொடுத்தவர்களுள் தமிழ் மரபினர் முன்வரிசையில் இருந்தனர். ஆயினும் அத்தொகுப்புகள் ராஃபிள்ஸ் பெயராலும் ஃபார்க்குவார் பெயராலுமே வழங்குகின்றன. எழுதிய கையின் பெயர் மறைந்ததற்குக் காரணம் கைவழியை எழுதிவைக்கும் உரிமை பிறரிடம் இருந்ததே. தோட்டத் தமிழரின் காகிதங்களுக்கு அந்த உரிமை இன்று இவ்வவையில் இருப்போரிடமே உள்ளது. அதைப் பயன்படுத்துவது இத்தலைமுறையின் கடமை.